தயிர்ச் சட்டியும் நூறு டியூப் லைட்டும்

சரியாக அளந்ததற்காக ஒரு மனிதனைத் தண்டிக்கிற ஊர் உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. மட்டக்களப்பில், எங்கள் கல்லடியில் இருக்கிறது. பிழையாக அளந்தவனை மன்னித்துவிடுவார்கள். "பாவம், தெரியாமச் செஞ்சிற்றான்" என்று ஒரு தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுப்பார்கள். சரியாக அளந்தவனை மட்டும் கலியாண வீட்டிலும் விடமாட்டார்கள், செத்த வீட்டிலும் விடமாட்டார்கள். யதார்த்தவாதி வெகுஜன விரோதி என்று சும்மாவா சொன்னார்கள்?

நான் அளந்தது தங்கத்தையோ காணியையோ அல்ல. ஒரு டியூப் லைட்டும் அதன் சோக்கும் சேர்ந்து உண்மையில் எத்தனை வாட்ஸ் எடுக்கின்றன என்பதைத்தான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? முழுக்கதையையும் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். (சிரிப்பு வந்தால் அந்த இடத்திலேயே வாசிப்பதை நிறுத்திவிடவும். வீட்டில் சிரிக்கிறவர்களே எனக்குப் போதும்.)

யுத்தம் முடிந்த மறுவருடம். எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் வருடத்துக்கு ஒருமுறைதான் கதவு திறந்து சடங்கு நடக்கும். சடங்கின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு உரியது. (குடி என்றதும் வேறு எதையும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் தாய்வழியாக வருகிற வம்சத்துக்கு அதுதான் பெயர்.) அன்றைய பூசை, பந்தல், வெளிச்சம் எல்லாம் அந்தக் குடியின் பொறுப்பு. பக்தியோடு நடக்கிற காரியம்தான். ஆனாலும் நேற்றைய குடி எத்தனை லைட் போட்டது என்று எண்ணிப் பார்க்காமல் கும்பிட்டு வந்த ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

எங்கள் குடியின் நாளுக்குப் பொறுப்பானவர் என் தாய்மாமா. அதிகம் பேசமாட்டார். பேசினால் அதுதான் முடிவு. அந்த வருடம் அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கோயில் வாசலில் இருந்து கடற்கரைக்குப் போகிற தெருவில் ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் வீடுகள் இருந்தன. சுனாமி அவற்றை எடுத்துக்கொண்டு போனது. மிஞ்சிய சனத்துக்கு உள்ளே தள்ளி வேறு இடங்களில் வீடு கொடுத்தார்கள். தெருவில் கிணறுகளும் அத்திவாரங்களும் மட்டும் கிடந்தன. அதற்குப் பிறகு வந்த சண்டைக் காலத்தில் பொழுதுபட்டால் அந்தப் பக்கம் ஒருவரும் போவதில்லை.

"இந்த முறை எங்கட நாளில வாசல்ல இருந்து கடக்கரை மட்டும் லைட் எரியோணும்" என்றார் மாமா. "எழும்பிப் போன சனமெல்லாம் அண்டைக்கு வரும். தங்கட வீடு வளவு எங்க கிடந்தெண்டு அதுகள் பாக்கோணும்."

அதற்கு நூறு டியூப் லைட் வேண்டும். நூறுக்கும் மின்சாரம் கொடுக்க ஒரு ஜெனரேட்டர் வேண்டும். இதைச் செய்து முடிக்க இரண்டு மருமகன்மார் இருந்தோம். ஒருவன் நான், யோகன். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் படித்துக்கொண்டிருந்தேன். மற்றவர் என் பெரியம்மாவின் மகன் சுதன் அண்ணன். கட்டாரில் கட்டட வேலைக்குப் போய், வயரிங் பகுதியில் ஒட்டிக்கொண்டு, லீவில் வந்திருந்தார்.

எங்கள் இரண்டு பேருக்கும் இந்த வெளிச்சத்தில் அப்படி என்ன அக்கறை என்று கேட்பீர்கள். மாமாவுக்கு வதனி என்று ஒரு மகள் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர வேண்டும். ஆகவே மகளுக்கு ஏற்றவனா என்று பார்ப்பதோடு, வீட்டுக்கு ஏற்றவனா என்றும் மாமா பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் எங்கள் இருவரையும் முன்னால் இருத்திச் சொன்னார்.

"அம்மன்ட நாள் வெளிச்சத்த ஒழுங்காச் செய்து காட்டுங்க. ஆர் கெட்டிக்காரன் எண்டு பாத்து, மறுகா மத்தக் கதையக் கதைப்பம்."

மற்றக் கதை என்ன என்று எங்களுக்கு விளங்கியது. எனக்கு வதனியைப் பதினாறு வயதிலிருந்து பிடிக்கும். அவளுக்கு யாரைப் பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. (நானும் கேட்கவில்லை என்பதை இந்த இடத்தில் கட்டாயம் எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.)

சுதன் அண்ணன் கட்டாரில் இருந்து ஒரு கிளாம்ப் மீற்றர் கொண்டுவந்திருந்தார். வயரை வெட்ட வேண்டியதில்லை. நண்டு கவ்வுவதுபோல் வயரின் கழுத்தில் கவ்வவிட்டால் எத்தனை அம்பியர் ஓடுகிறது என்று காட்டும். அதை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டுதான் கோயிலுக்கும் போவார். மாமா வீட்டுப் பிரிட்ஜ், ஸ்திரிக்கைப் பெட்டி, தண்ணீர் மோட்டர் எல்லாவற்றையும் கவ்வினார். "தம்பி, எனக்குப் பிரஷர் எவ்வளவு எண்டும் அதில ஒருக்காப் பாருங்க" என்று மாமி கையை நீட்டினா.

ஒரு பின்னேரம் மாமா வீட்டு முற்றத்தில் சுதன் அண்ணன் ஒரு டியூப் லைட்டை எரியவிட்டு, மீற்றரைக் கவ்வவிட்டு, தலையை ஆட்டினார்.

"இஞ்ச பாருங்க மாமா. நாப்பது வாட்ஸ் எண்டு எழுதிக் கிடக்கு. அம்பியர வோல்டால பெருக்கினா கிட்டத்தட்ட நூறு வருகுது. கொம்பனிக்காரன் சனத்தப் பேக்காட்டுறான். நூறு லைட்டுக்குப் பத்தாயிரம் வாட்ஸ். பெரிய ஜெனரேட்டர்தான் வேணும்."

பெருக்கினாராம். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. இவ்வளவு படித்தவன் பக்கத்தில் நிற்கிறேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய குண்டு பல்பு என்றால் வோல்டையும் அம்பியரையும் பெருக்கலாம், வாட்ஸ் வரும். டியூப் லைட்டுக்குச் சோக் இருக்கிறது. சோக் என்பது கம்பி சுற்றிய இரும்பு. அது மின்னோட்டத்தைப் பிந்திவரச் செய்யும். வோல்ட் தள்ளுகிற நேரம் அம்பியர் வந்து சேராது. ஓடுகிற மின்சாரத்தில் ஒரு பகுதி ஒரு வேலையும் செய்யாமல் போய்ப் போய்த் திரும்பி வரும். பெருக்கி எடுப்பது தோற்ற வலு. உண்மையான வலு அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்று சொல்வதுதான் பவர் பெக்டர். இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இதை அப்படியே சொன்னேன். மாமா என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன உதாரணம் வாயில் வந்தது.

"மாமா, தயிர்ச் சட்டிய நினையுங்க. சட்டியோட நிறுத்தா ரெண்டு கிலோ. தயிர் மட்டும் ஒரு கிலோ. நீங்க எதுக்குக் காசு குடுப்பீங்க?"

"தயிருக்குத்தான்."

"சுதன் அண்ணன் சட்டியையும் சேத்து நிறுத்துப்போட்டுக் கொம்பனிக்காரனக் கள்ளன் எண்டுறார்."

மாமா எருமை வளர்த்தவர். அவருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் மின்சாரம் சொல்லிக் கொடுத்ததில்லை. "அட" என்றார். அவருடைய வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. சுதன் அண்ணன் மீற்றரைத் துடைத்து உறைக்குள் போட்டார்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நிரூபிக்கிறேன் என்று நின்றேன். வீட்டுச் சுவரில் இருக்கிற மின்சார மீற்றர் தயிரை மட்டும் நிறுக்கிற தராசு. உள்ளே சுற்றுகிற தட்டு உண்மையான வலுவுக்குத்தான் சுற்றும், சட்டியைக் கணக்கெடுக்காது. வீட்டில் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு, பத்து டியூப் லைட்டை மட்டும் எரியவிட்டு, தட்டு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்தால் தீர்ந்தது.

மாமி பிரிட்ஜை நிற்பாட்ட விடவில்லை. உள்ளே இறால் கிடந்தது. "இறால் பழுதானா உங்கட பெக்டர் வந்து கறி வைக்குமா?" என்று கேட்டா. கடைசியில் இறாலை அயல் வீட்டுப் பிரிட்ஜுக்கு மாற்றினோம். சீலிங் பேனையும் நிற்பாட்டினேன். வைகாசி வெக்கையில் பத்து டியூப் லைட்டையும் பாயில் வரிசையாகப் படுக்கவைத்து எரித்துக்கொண்டு, குடும்பம் முழுக்க வியர்த்து ஊற்ற மீற்றருக்கு முன்னால் நின்றது. வதனி கடிகாரத்தைப் பார்த்தாள். நான் தட்டில் இருந்த கறுப்புக் கோட்டை எண்ணினேன். கடதாசியில் நான் பிரித்துக்கொண்டிருக்க, வதனி மனக்கணக்கிலேயே சொல்லிவிட்டாள்.

"ஒரு லைட்டுக்கு ஐம்பது."

ஐம்பது. டியூப்புக்கு நாற்பது, சோக் சூடாவதற்குப் பத்து. கொம்பனிக்காரன் கள்ளனும் இல்லை, சுதன் அண்ணன் சொன்ன நூறும் இல்லை. நான் அன்று மாமா வீட்டு விறாந்தையில் நின்ற நிலையை நினைத்தால் எனக்கே இப்போது கன்னத்தில் ஒன்று போடத் தோன்றுகிறது. கையைக் கட்டிக்கொண்டு, தாடையை உயர்த்திக்கொண்டு, வதனியின் பக்கம் அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் இறாலைத் திருப்பி எடுத்துவரப் போய்விட்டாள்.

பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற முகைதீன் காக்காவிடம் மாமாவும் நானும் போனோம். (காக்கா என்றால் அங்கே அண்ணன்.) காக்கா ஒளிக்காமல் சொன்னார்.

"பெரிய மெசினும் இரிக்கு, சின்ன மெசினும் இரிக்கு. பெரிசு கத்தும், சின்னன் கத்தாது. கரண்டுக் கணக்கெல்லாம் எனக்கு விளங்கா வாப்பா. நீங்க சொல்றதக் கொண்டாறன்."

பெரியது கத்தினால் உடுக்கும் பாட்டும் கேட்காது என்று மாமாவுக்கு ஏற்கெனவே கவலை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நூறு லைட்டுக்கு ஐயாயிரம். சின்ன மெசினின் உடம்பில் ஆறாயிரம் என்று பொறித்திருந்தது. ஆயிரம் மிச்சம். "சின்னன் காணும் மாமா" என்றேன். (ஆறாயிரத்துக்குப் பின்னால் இரண்டு சின்ன இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. அவை வாட்ஸைக் குறிக்கிற எழுத்துகள் அல்ல. மின்சாரம் படித்த நான் அவற்றை அலங்காரம் என்று நினைத்தேன்போலும்.)

எங்கள் நாள் வந்தது. இருட்டத் தொடங்கவே பஸ்ஸிலும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலும் சனம் வந்து இறங்கியது. வேறு இடங்களுக்குப் போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து, முதலில் கோயிலுக்குப் போகாமல் அந்தத் தெருப்பக்கம் பார்த்தார்கள். பொழுது பட்டுவிட்டிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கு முதல்நாள் சடங்கு செய்த குடிக்காரர் வாசலில் கைகட்டி வரிசையாக நின்றார்கள். அவர்கள் லைட் எண்ண வந்தவர்கள்.

தெருவின் நடுவில் ஜெனரேட்டர். அங்கிருந்து கோயில் பக்கத்துக்கு ஒரு லைன், கடற்கரைப் பக்கத்துக்கு ஒரு லைன். இரண்டும் ஒரே பலகையில் வந்து சேர்ந்தன. எல்லாம் என் கையால் இழுத்தது. காக்கா மெசினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வதனி அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மன் வாசலுக்கு வந்ததும் மாமா கையைக் காட்டினார். நான் சுவிட்சைப் போட்டேன்.

டியூப் லைட்டுகள் வழக்கம்போல் கண்ணைச் சிமிட்டின. பிறகு எரிந்தன. தெரு முழுக்கக் கிணறுகளும் அத்திவாரங்களும் வெள்ளையாகத் தெரிந்தன. சனம் "ஆ" என்றது. நான் வதனியைப் பார்த்தேன். அவள் லைட்டுகளைப் பார்த்தாள். அவை மங்கின. பாதி அணைந்தன. அணைந்த பாதி திரும்பப் பற்ற முயல, எரிந்த பாதி அணைந்தது. தெருவின் ஒரு தலைப்பில் இருந்து மறுதலைப்பு வரைக்கும் வெளிச்சம் ஓடி ஓடி வந்தது. ஸ்டாட்டர்கள் டிக் டிக் என்று அடித்துக்கொண்டன. நூறு சோக்கும் வண்டு மாதிரி இரைந்தன.

"ரன்னிங் லைட் போட்டிரிக்காங்க" என்று யாரோ சொல்ல, சனம் கைதட்டியது. முதல்நாள் குடிக்காரரின் முகம் கறுத்ததை நான் கண்ணால் கண்டேன். அந்த ஒரு நிமிடச் சந்தோசத்தையாவது எனக்குக் கடவுள் தந்தார்.

சுதன் அண்ணன் மீற்றரோடு ஓடிவந்தார். "காணாதடா, மெசினுக்குப் பாரம் கூடிற்று" என்றார். நான் காக்காவிடம் கேட்டேன்.

"காக்கா, எஞ்சின் திணறுதா?"

"இல்ல வாப்பா. சும்மா படுத்திரிக்கிறமாதிரி இரிக்கு."

"பாத்தீங்களா" என்று சுதன் அண்ணனிடம் திரும்பினேன். நியாயமாகப் பாருங்கள். உண்மையான வலு கூடியிருந்தால் எஞ்சின் மூச்சு வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. அப்படியென்றால் என் அளவு சரி. இதை நான் சொல்லி முடிக்கவில்லை, மெசினின் பாதுகாப்புச் சுவிட்ச் 'டக்' என்று விழுந்தது.

தெரு முழுக்க இருண்டது. சொல்லிவைத்தாற்போல் அத்தனை சனமும் மண்ணில் குந்திவிட்டது. சில தாய்மார் பிள்ளைகளின் மேல் கவிழ்ந்து படுத்தார்கள். நானும் படுத்துவிட்டேன். பக்கத்தில் காக்காவும் கதிரையை விட்டு இறங்கிக் கிடந்தார். திடீரென்று இருண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் எல்லோருடைய உடம்புக்கும் பழகிப்போயிருந்தது. அம்மனைத் தோளில் வைத்திருந்தவர்கள் மட்டும் கற்பூர வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். கடலின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தத் தெருவில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருட்டில் கிடப்பது என்றால் என்ன என்று அன்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கிழவர் இருட்டுக்குள் சொன்னார்: "டேய், சண்டை முடிஞ்சிற்றுடா. எழும்புங்க."

முதலில் ஒரு சிரிப்பு. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது. எழும்பி மண்ணைத் தட்டியவர்களுக்குக் குற்றம் சுமத்த ஓர் ஆள் தேவைப்பட்டது.

"காத்தான்குடியான் பழைய மெசினத் தந்து ஏமாத்திப்போட்டான்" என்று ஒரு குரல் வந்தது. "எங்கட கோயில் வேலைக்கெண்டா அவனுக்கு அக்கறை இரிக்குமா?" என்று இன்னொரு குரல். அந்தக் கதை இன்னும் நாலு பேர் வாயில் போனால் எங்கே போய் முடியும் என்று எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். காக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சுதன் அண்ணன் அந்த நேரம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "மெசினும் பழசு. லைட்டும் ஒண்டு நூறு வாட்ஸ். நான் அப்பவே சொன்னன்."

காக்காவுக்காகத்தான் எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை. நூறு வாட்ஸ் என்றாரே, அதுதான். நிரூபித்த பிறகும் நூறு. எனக்குக் கண் மண் தெரியவில்லை. சனத்துக்குள்ளால் பிய்த்துக்கொண்டு போய்ப் பாட்டுக்காரர் வைத்திருந்த மைக்கைப் பறித்தேன். அது பற்றரியில் ஓடியது. அது மட்டும் வேலைசெய்தது.

"அம்மன் அடியார்களே, தயவுசெய்து கேளுங்கள்" என்று தொடங்கினேன். இருட்டுக்குள், அம்மனுக்கு முன்னால், ஊர் முழுவதற்கும், பவர் பெக்டர் பற்றி விரிவுரை. தோற்ற வலு என்றேன், உண்மையான வலு என்றேன். சோக் என்ன செய்கிறது என்றேன். ஒரு குழந்தை அழுதது. "ஆரடா செத்துப்போனது?" என்று தூரத்தில் ஒருவர் கேட்டார். விளங்கவில்லைப்போல என்று நினைத்து, தயிர்ச் சட்டிக்கு வந்தேன்.

"நாங்க தயிருக்குத்தான் காசு குடுக்கிறம். சட்டிக்குக் குடுக்கிறதில்ல. வீட்டு மீற்றர் தயிர மட்டும் நிறுக்கும். ஆனா தயிரக் காவிக்கொண்டு வாறவன்ட தோளில..."

அந்த இடத்தில் என் வாய் நின்றது. மைக்கில் என் மூச்சு மட்டும் ஊர் முழுக்கக் கேட்டது.

"தோளில?" என்றார் மாமா. அவர் எனக்கு முன்னால்தான் நின்றார்.

"தோளில சட்டியும் சேந்துதான் பாரம், மாமா."

"அப்ப ஜெனரேட்டர் ஆரு, மகன்? காசு குடுக்கிறவனா, காவுறவனா?"

"காவுறவன்."

"அப்ப அதுக்குச் சட்டியோட கணக்குப் பாத்திரிக்கோணும்."

"ஓம். மெசின்ல எழுதிக் கிடந்த ஆறாயிரமும் சட்டியோடதான்."

"காக்காட மெசின்ல பிழை இல்ல."

"இல்ல மாமா. நல்ல மெசின். நான்தான் சின்னனக் கேட்டது."

இவ்வளவும் மைக்கில் போனது. காக்காவைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். நான் அத்தோடு மைக்கைக் கொடுத்திருந்தால் ஒரு நல்ல மனிதன் என்ற பெயராவது கிடைத்திருக்கும். கொடுக்கவில்லை.

"ஆனா ஒண்டு" என்றேன். "லைட் ஒண்டு ஐம்பது வாட்ஸ்தான். அளவில பிழை இல்ல."

சனம் சிரித்த சிரிப்பு வாவிக்கு அந்தப் பக்கம் டவுன் வரைக்கும் கேட்டிருக்கும். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத் தெருவில் வெளிச்சம் வந்தது.

நான் பேசிக்கொண்டிருந்தபோது வதனி ஒருவரையும் கேட்காமல் பலகையில் ஒரு லைனைக் கழற்றியிருக்கிறாள். காக்கா சுவிட்சைத் தூக்கிப் போட்டிருக்கிறார். பாதி லைட் எரிந்தது, ஒரு சிமிட்டலும் இல்லாமல். கழற்றியது எந்தப் பாதி என்று பார்த்தால் கோயில் பக்கம். முதல்நாள் குடிக்காரர் எண்ணுவதற்காக வாசலில் நான் நெருக்கி நெருக்கிக் கட்டிய லைட்டெல்லாம் கறுப்பாகக் கிடந்தன. கடற்கரைப் பக்கம், வீடில்லாத அந்தத் துண்டு முழுக்க, பகல் மாதிரி இருந்தது.

அம்மன் இருட்டில் இருந்து வெளிச்சத்துக்குள் இறங்கிப் போனா. பின்னால் சனம் போனது. போகிற வழியில் ஒவ்வொரு குடும்பமாகக் கழன்று தங்கள் தங்கள் வளவுக்குள் போனார்கள். ஒரு பெண் கிணற்றுக் கட்டைக் கையால் தடவிப் பார்த்தா. ஒரு மனிதர், மிஞ்சியிருந்த ஒரு வாசற்படியில் போய் உட்கார்ந்து, உள்ளேயிருந்து தேத்தண்ணி வரும் என்பதுபோல் காத்துக்கொண்டிருந்தார். மாமா தெருவின் நடுவில் நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

காக்கா மட்டும் என் தோளில் தட்டினார். "மைக்ல நீங்க பேசின ஒண்டும் எனக்கு விளங்கல்ல வாப்பா. என்ட மெசின்ல பிழை இல்ல எண்டீங்களே, அது விளங்கின. அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும்."

அடுத்த நாள் மாமா வீட்டில் விசாரணை. சுதன் அண்ணன் புதுச் சேட் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"சுதன் சொன்னதுதானே நடந்திச்சு" என்றார் மாமா.

"மாமா, அவர் வாட்ஸ் எண்டவர். அது வாட்ஸ் இல்ல."

"இல்லாட்டி என்ன? அவன் சொன்ன பெரிய மெசின எடுத்திரிந்தா எல்லா லைட்டும் எரிஞ்சிரிக்கும்."

பாருங்கள் அநியாயத்தை. பிழையான கணக்கைப் போட்டு, பிழையான பெயரைச் சொல்லி, தற்செயலாகச் சரியான மெசினில் போய் விழுந்தவர் கெட்டிக்காரர். சரியாக அளந்த நான் முட்டாள். வதனி கையை விட்டுப் போய்விட்டாள் என்று விளங்கியது. அதைவிட, நூறு வாட்ஸ் வென்றுவிட்டது. (எது பெரிய துக்கம் என்று அவள் இன்றைக்கும் கேட்பாள்.)

அப்போதுதான் வதனி குசினி வாசலில் வந்து நின்றாள். ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை.

"அப்பா, காக்காவச் சனம் ஏசக்குள்ள சுதன் மச்சானும் சேந்து மெசின் பழசெண்டவர். மெசின் சின்னன், அதுதான் பிழை எண்டு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல்ல."

சுதன் அண்ணன் மீற்றரின் உறையைத் திறந்து மூடினார்.

"யோகன் மச்சான் தன்ட வாயாலேயே தன்ன மாட்டிக் குடுத்தவர். வெல்லோணும் எண்டுதான் மைக்கப் பிடிச்சவர். ஆனா பிழை தன்னில எண்டு தெரிஞ்ச உடன நடுவில நிப்பாட்டத் தெரியல்ல அவருக்கு. உள்ளதச் சொல்லிப்போட்டார். இப்பிடி ஒராளுக்கு வீட்டக் குடுக்கலாம்."

"வீட்டில இரிக்கிற லைட்டெல்லாத்தையும் அவிச்சுப்போடுவான், மகள்" என்றார் மாமா.

"பாதியக் கழட்டிவிட நான் இரிக்கன் தானே."

இப்படித்தான் எனக்குக் கலியாணம் நடந்தது. கலியாணப் பந்தலுக்குக் காக்கா பெரிய மெசினையே கொண்டுவந்து இறக்கினார். அது கத்திய கத்தலில் ஐயர் சொன்ன மந்திரம் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. சுதன் அண்ணனும் வந்தார். வாழ்த்திவிட்டு என் காதுக்குள் "நூறுதான்டா" என்றார்.

அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் என் வாயிலிருந்து ஓர் எண் வந்தால் போதும். நெல்லு எத்தனை மூடை என்று சொன்னால், "சட்டியோடயா, சட்டி இல்லாமலா?" பஸ் வர எவ்வளவு நேரம் என்று சொன்னால், "சட்டியோடயா?" மகள் பிறந்தபோது வார்டு வாசலில் ஓடிவந்து மூன்று கிலோ என்று மாமாவிடம் சொன்னேன். கண்ணெல்லாம் கலங்கி நின்ற மனிதர் பொக்கை வாயால் கேட்ட முதல் கேள்வி அதுதான். அந்த மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, "அப்பா பேசிறது தோற்ற வலு, அம்மா செய்யிறது உண்மையான வலு" என்று விருந்தாளிகளுக்கு விளக்கம் கொடுக்கிறாள். விஞ்ஞானத்தில் நல்ல புள்ளி.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் வதனியிடம் வாசிக்கக் கொடுத்தேன். எவ்வளவு நீளம் என்று கேட்டாள். சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை வாசித்துவிட்டு, "இதில சட்டி எவ்வளவு, தயிர் எவ்வளவு?" என்றாள். பிறகு சொன்னாள்: "பாதியக் கழட்டிவிடுங்க மச்சான். மத்தப் பாதி நல்லா எரியும்."

நான் ஒரு சொல்லையும் கழற்றவில்லை. அளவில் பிழை இல்லை.